ஆய்வைக் கோரும் பல்கலைக்கழகங்கள் நூலகங்களைக் கைவிடலாமா?

எமது நாட்டில் பல்கலைக்கழகங்கள் குறித்துப் பேசப்படும்போதெல்லாம் அனுமதிக்கான வெட்டுப்புள்ளி, பகிடிவதை, ஊழியர் வேலைநிறுத்தம், பட்டதாரிகளின் வேலையின்மை ஆகியனவே விவாதப் பொருளாகின்றன. பல்கலைக்கழக நூலகங்கள் எந்நிலையில் உள்ளன என்பது பற்றியோ, அங்கு கற்பிக்கும் விரிவுரையாளர்களுக்குத் தேவையான நூல்களும் ஆய்வுச் சஞ்சிகைகளும் கிடைக்கின்றனவா என்பது பற்றியோ எவரும் அக்கறை கொள்வதாகத் தெரியவில்லை. நூலகத்திற்கான ஒதுக்கீடு குறைக்கப்படும்போது மாணவர்கள் வீதியில் இறங்குவதில்லை, விரிவுரைகள் நிறுத்தப்படுவதுமில்லை. அதனாலேயே நிதி நெருக்கடி ஏற்படும் வேளைகளில் கை வைப்பதற்கு இலகுவான இடமாக நூலகம் அமைந்துவிடுகின்றது. ஆயினும் அந்தக் குறைப்பின் விளைவு ஐந்தாறு ஆண்டுகளின் பின்னர் விரிவுரை மண்டபத்திலும் ஆய்வேடுகளிலும் வெளிப்படவே செய்யும்.

இன்று பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவரிடம் எதிர்பார்க்கப்படுவது கற்பித்தல் மட்டுமன்று. தகுதிகாண் நிலையில் நியமனம் பெறுபவர் குறித்த காலத்திற்குள் பட்டப்பின் தகைமையைப் பெற்றாக வேண்டும். பேராசிரியர் பதவி உயர்வுக்கான புள்ளித் திட்டத்தில் ஆய்வு வெளியீடுகளுக்கே முதன்மை இடம் உண்டு. அதிலும் சர்வதேசச் சுட்டிகளில் இடம்பெறும் சஞ்சிகைகளில் வெளியாகும் கட்டுரைகளுக்குக் கூடிய மதிப்பு அளிக்கப்படுகின்றது. உலகப் பல்கலைக்கழகங்களின் தரவரிசைப் பட்டியல் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் எமது பல்கலைக்கழகங்கள் பின்தங்கியிருப்பது குறித்து விசனம் தெரிவிக்கப்படுகின்றது. ஆனால், ஒரு துறையில் அதுவரை என்ன எழுதப்பட்டுள்ளது என்பதைப் படிக்காமல் அத்துறையில் புதிதாக எதையும் எழுத முடியாது என்ற எளிய உண்மை மறக்கப்பட்டுவிடுகின்றது. ஆய்வைக் கோருவதும் ஆய்வுக்கான மூலவளங்களை மறுப்பதும் ஒரே நிர்வாகத்தின் இரு கைகளாலும் செய்யப்படுகின்றன என்றே கூற வேண்டியுள்ளது.

சட்டத்தைப் பொறுத்தவரை நூலகத்திற்கு உயர்ந்த இடமே வழங்கப்பட்டுள்ளது. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம், துணைவேந்தர், பீடாதிபதி, பதிவாளர், நிதியாளர் ஆகியோருடன் நூலகரையும் பல்கலைக்கழகத்தின் அலுவலராக வரையறுத்துள்ளது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோற்றம் பெற்ற காலந்தொட்டு நூலகர் என்பவர் புத்தகங்களைக் காவல் செய்பவராக அன்றி, கல்விசார் சமூகத்தின் உறுப்பினராகவே கருதப்பட்டு வந்தார். பேராதனையில் நூலகராகப் பணியாற்றிய இயன் குணதிலக்க தொகுத்த இலங்கை பற்றிய நூல்விபரப் பட்டியலின் தொகுதிகள் 1970 முதல் வெளிவரத் தொடங்கின. இலங்கையின் வரலாற்றையோ சமூகத்தையோ ஆராயும் உள்நாட்டு, வெளிநாட்டு அறிஞர் எவரும் இன்றும் அதனைத் தவிர்த்துச் செல்ல முடியாது. ஒரு நூலகரின் உழைப்பு ஒரு தலைமுறை ஆய்வாளர்களுக்கு வழிகாட்ட முடியும் என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

அக்காலத்தில் நூலகம் ஒன்று சஞ்சிகைக்குச் சந்தா செலுத்தினால், வந்து சேர்ந்த இதழ்கள் கட்டமைக்கப்பட்டு அடுக்கில் ஏறின. அடுத்த ஆண்டு பணமில்லாமல் சந்தா நிறுத்தப்பட்டாலும் பழைய இதழ்கள் நூலகத்தின் சொத்தாகவே எஞ்சியிருந்தன. இலத்திரனியல் முறை வந்தபின் இந்நிலை முற்றாக மாறியுள்ளது. இன்று பெரும்பாலான நூலகங்கள் சஞ்சிகைகளை வாங்குவதில்லை. அவற்றைப் பார்வையிடும் உரிமையை ஆண்டுக்கணக்கில் வாடகைக்கு எடுக்கின்றன. ஒப்பந்தத்தில் நிரந்தரப் பயன்பாட்டு உரிமை தெளிவாகப் பெறப்பட்டிராவிடின், சந்தா நின்ற மறுநாளே பல ஆண்டு காலம் பணம் செலுத்திய இதழ்களும் கண்ணுக்கு எட்டாதவையாகிவிடும். பதிப்பகங்கள் நூற்றுக்கணக்கான சஞ்சிகைகளை ஒரே பொதியாகவே விற்பதனால், தேவையான பத்தைப் பெறுவதற்குத் தேவையற்ற நூறுக்கும் சேர்த்துப் பணம் செலுத்த வேண்டிய நிலையும் உள்ளது.

இந்த மாற்றத்தின் தொடக்க காலத்தில் வெளிநாட்டு உதவிகள் எமக்குக் கைகொடுத்தன. உலக சுகாதார நிறுவனம் 2002 இல் ஆரம்பித்த ஹினாரி திட்டம் மருத்துவச் சஞ்சிகைகளையும், உணவு விவசாய நிறுவனம் 2003 இல் ஆரம்பித்த அகோரா திட்டம் விவசாயச் சஞ்சிகைகளையும் வளர்முக நாடுகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ வழங்கின. பிரித்தானியாவைத் தளமாகக் கொண்ட இனாஸ்ப் என்ற தொண்டு நிறுவனத்தின் திட்டமும் இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்குச் சஞ்சிகைகளைப் பெற்றுக்கொடுத்தது. இவையனைத்தும் பாராட்டுக்குரியவையே. ஆயினும் இத்தகைய உதவிகள் ஒரு நாட்டின் வருமான நிலையைக் கொண்டு வகுக்கப்படும் பட்டியல்களையும் நன்கொடையாளரின் முன்னுரிமைகளையும் பொறுத்தவை. உதவி கிடைத்த காலத்தில் அது நிறுத்தப்பட்டால் என்ன செய்வது என்பதற்கான தேசியத் திட்டம் ஒன்றை வகுத்திருக்க வேண்டும். அதில் போதிய கவனம் செலுத்தப்படவில்லை. உலக வங்கியின் கடனுதவியுடன் 2003 முதல் அடுத்தடுத்து நடைமுறைப்படுத்தப்பட்ட உயர்கல்வி மேம்பாட்டுத் திட்டங்களைப் பொறுத்தவரையிலும் இதே கேள்வி எழுகின்றது. திட்ட நிதியில் கட்டடம் கட்டினால் திட்டம் முடிந்த பின்னரும் கட்டடம் நிற்கும். சந்தா பெற்றால் திட்டத்துடன் அதுவும் முடிந்துவிடும்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இந்தப் பலவீனத்தை வெளிச்சத்திற்குக் கொண்டு வந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி, வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக ஏப்ரல் 12 இல் அரசு அறிவித்ததை அடுத்த வாரங்களில் சுமார் 360 ரூபாவரை உயர்ந்தது. பத்தாயிரம் டொலர் பெறுமதியான சந்தா ஒன்றிற்கு அதுவரை இருபது இலட்சம் ரூபா போதுமாக இருந்திருக்கும். சில வாரங்களில் அதற்கு முப்பத்தாறு இலட்சம் ரூபா தேவைப்பட்டது. பின்னர் ரூபாவின் பெறுமதி ஓரளவு மீண்ட போதிலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எனவே நூலக ஒதுக்கீடு ரூபாவில் ஒரு சதம்கூடக் குறைக்கப்படவில்லை என்று நிர்வாகங்கள் கூறினாலும் அதன் உண்மையான கொள்வனவுச் சக்தி பெருமளவு குறைந்துவிட்டது என்பதே யதார்த்தம். இறக்குமதி செய்யப்படும் அச்சு நூல்களுக்கும் இது பொருந்தும்.

சஞ்சிகைகளின் விலை ஏழை நாடுகளை மட்டும் வாட்டும் பிரச்சினையன்று. செல்வம் மிக்க கலிபோர்னியாப் பல்கலைக்கழகமே எல்ஸெவியர் பதிப்பகத்துடனான ஒப்பந்தத்தை 2019 பெப்ரவரியில் புதுப்பிக்க மறுத்தது. அதன் பத்து வளாகங்களும் ஒன்றாக நின்று பேரம் பேசியதன் பயனாக இரண்டு ஆண்டுகளின் பின்னர், 2021 மார்ச்சில், புதிய உடன்படிக்கை எட்டப்பட்டது. வாசகரிடம் பணம் பெறாத திறந்த அணுகல் முறை பரவி வருவது வரவேற்கத்தக்கதே. எனினும் பல சஞ்சிகைகள் அந்தச் செலவை எழுதுபவரின் தலையில் சுமத்துகின்றன. நேச்சர் சஞ்சிகை 2020 இல் அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ ஆகும். இலங்கையின் விரிவுரையாளர் எவரும் தமது சம்பளத்திலிருந்து செலுத்தக்கூடிய தொகை இதுவன்று. படிப்பதற்கு விதிக்கப்பட்ட கட்டணம் எழுதுவதற்கான கட்டணமாக இடம் மாறுவதனால் எமக்கு விமோசனம் கிடைத்துவிடாது.

இந்நிலையில் எமது விரிவுரையாளர்கள் என்ன செய்கின்றனர்? வெளிநாட்டில் பட்டப்பின் படிப்பை மேற்கொண்ட காலத்தில் பெற்ற நண்பர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கட்டுரைகளைக் கேட்டுப் பெறுகின்றனர். அதுவும் இயலாதபோது, 2011 இல் தொடங்கப்பட்ட சை-ஹப் போன்ற, பதிப்புரிமைச் சட்டங்களை மீறும் இணையத்தளங்களை நாடுகின்றனர். இது உலகெங்கும் நடைபெறுவதுதான். இதற்காகத் தனிப்பட்ட ஆய்வாளரைக் குற்றம் கூறுவது எமது நோக்கமன்று. ஆனால், ஒரு நாட்டின் உயர்கல்வி முறைமை நண்பர்களின் தயவிலும் சட்டத்திற்குப் புறம்பான வழிகளிலும் தங்கியிருப்பது கௌரவமான நிலையன்று. அத்துடன் வெளிநாட்டு நட்புகள் இல்லாத இளம் விரிவுரையாளர்களும், தற்காலிக அடிப்படையில் பணிபுரிவோரும், ஓய்வுபெற்ற பின்னரும் ஆய்வைத் தொடர விரும்பும் பேராசிரியர்களுமே இதில் அதிகம் பாதிக்கப்படுகின்றனர் என்பதையும் கவனத்திற் கொள்ள வேண்டும்.

எல்லாமே இணையத்தில் கிடைக்கும்போது நூலகம் எதற்கு என்று கேட்போரும் உளர். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை யாவும் நம்பத்தகுந்தவையல்ல என்பது ஒருபுறமிருக்க, இன்று ஆய்வாளரின் மின்னஞ்சலுக்கு நாள்தோறும் வந்து குவியும் போலிச் சஞ்சிகைகளின் அழைப்புகளே இதற்குத் தக்க பதிலாகும். மதிப்பீடு எதுவுமின்றிப் பணத்தைப் பெற்றுக்கொண்டு கட்டுரைகளை வெளியிடும் இந்நிறுவனங்களின் பட்டியலைத் தயாரித்து உலகின் கவனத்திற்குக் கொண்டு வந்தவர் ஜெஃப்ரி பீல் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகரே. 2017 ஜனவரியில் அப்பட்டியல் இணையத்திலிருந்து அகற்றப்பட்டது. நல்லதையும் போலியையும் பிரித்தறிய உதவுவதும், ஒரு துறையின் ஆய்வுகளை முறையாகத் தேடுவதற்குப் பயிற்சியளிப்பதும், மேற்கோள்களை ஒழுங்குபடுத்தும் ஸொட்டேரோ போன்ற இலவச மென்பொருட்களைப் பழக்குவதும் இன்றைய நூலகரின் கடமைகளாகும். தகவல் பெருகப் பெருக நூலகரின் தேவை அதிகரிக்கின்றதே தவிரக் குறையவில்லை.

தமிழ் பேசும் மக்களைப் பொறுத்தவரை இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு பரிமாணம் உண்டு. 1960களின் தொடக்கத்திலிருந்து பல்கலைக்கழகங்களில் கலைத்துறைப் பாடங்கள் சுயமொழியில் கற்பிக்கப்பட்டு வருகின்றன. வரலாறு, புவியியல், பொருளியல், சமூகவியல், அரசறிவியல் ஆகிய துறைகளில் அண்மைக்கால ஆய்வுகளின் மிகச் சிறு பகுதியேனும் தமிழில் வெளிவருவதில்லை. ஆகவே, தமிழில் கற்கும் மாணவருக்கும் உலக அறிவுக்கும் இடையிலான பாலமாக விரிவுரையாளரே விளங்குகின்றார். அவர் ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் விளக்கினால்தான் அது மாணவரைச் சென்றடையும். அவருக்கே புதிய சஞ்சிகைகளும் நூல்களும் கிடைக்காவிடின், பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் தாம் மாணவராக இருந்தபோது எழுதிய குறிப்புகளையே மீண்டும் சொல்லிக்கொடுக்க நேரிடும். ஆங்கிலம் அறிந்த மாணவர் வேறு வழிகளைத் தேடிக்கொள்ளலாம். வன்னியிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மலையகத் தோட்டங்களிலிருந்தும் வரும் மாணவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. எனவே விரிவுரையாளரின் நூலக வசதி என்பது ஒரு தொழிற்சங்கச் சலுகையாக அன்றி, மாணவரின் கல்வி உரிமையாகவே நோக்கப்பட வேண்டும்.

வடக்கு, கிழக்குப் பல்கலைக்கழகங்கள் பேராதனை, கொழும்பு ஆகியவற்றைவிட இளையவை என்பதோடு போரின் சுமையையும் தாங்கியவை. பேராசிரியர் க. கைலாசபதியை முதல் தலைவராகக் கொண்டு 1974 இல் திருநெல்வேலியில் ஆரம்பிக்கப்பட்ட யாழ்ப்பாண வளாகம் 1979 இல் தனிப் பல்கலைக்கழகமானது. 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக உருவான மட்டக்களப்பு நிறுவனம் 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1996 இலும், வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 இலும் உருவாகின. பேராதனையும் கொழும்பும் அமைதியான பல தசாப்தங்களில் சேர்த்துக்கொண்ட நூற்தொகுதிகளுக்கு ஈடானவற்றை, பொருளாதாரத் தடையும் இடப்பெயர்வும் நிலவிய காலத்தில் இவை சேர்த்திருக்க முடியாது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சமூகமே சிதறுண்டு போனதை எவரும் மறந்திருக்க முடியாது. சஞ்சிகைகளின் பழைய இதழ்களில் இக்காலத்தில் ஏற்பட்ட இடைவெளிகளைப் பின்னர் நிரப்புவது எளிதன்று.

புவியியல் ரீதியான பரவலும் ஒரு பிரச்சினையாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ளன. திருநெல்வேலியில் உள்ள பிரதான நூலகத்திற்கு அங்கிருந்து வருவதற்கு 60 கிலோமீற்றருக்கும் அதிகமாகப் பயணிக்க வேண்டும். சித்த மருத்துவம் கைதடியிலும் நுண்கலைகள் மருதனார்மடத்திலும் கற்பிக்கப்படுகின்றன. இத்தகைய பல்கலைக்கழகத்திற்கு ஒரு நல்ல கட்டடம் மட்டும் போதாது. கிளை நூலகங்களுக்கிடையே நூல்களைக் கொண்டு செல்லும் ஒழுங்கான ஏற்பாடும், எங்கிருந்தும் மின்வளங்களைப் பார்வையிடும் வசதியும் இன்றியமையாதவை. பொதுவாகச் சந்தா பெற்ற சஞ்சிகைகள் வளாகத்தின் கணினி வலையமைப்புக்குள் இருந்து பார்ப்பவருக்கே திறக்கும். விரிவுரையாளர் ஆய்வு செய்வது இரவிலும் விடுமுறையிலும் வீட்டில் இருந்தே என்பதால், அடையாளத்தை உறுதிப்படுத்தி வெளியில் இருந்தும் நுழைய அனுமதிக்கும் முறை அவசியமாகும். கொரோனாப் பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் வளாகங்கள் மூடப்பட்டபோது, லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் துணையுடன் விரிவுரைகள் குறுகிய காலத்தில் இணையத்திற்கு மாற்றப்பட்டன. விரிவுரைக்குச் செய்ய முடிந்ததை நூலகத்திற்கும் செய்ய முடியும்.

தமிழியல் சார்ந்த வளங்களின் நிலையையும் இங்கு குறிப்பிட வேண்டும். 1885 ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டத்தின் கீழ் இந்நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதிகள் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். அவ்வழியே பிரதி பெறும் உரிமை பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்திற்கு உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் அச்சாகும் தமிழ் நூல்களையும் சிறுசஞ்சிகைகளையும் அப்பகுதிப் பல்கலைக்கழக நூலகங்களும் முழுமையாகச் சேகரிக்க வேண்டியது அவசியம். 2005 இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகமும், 2002 முதல் என். செல்வராஜா தொகுத்து வரும் நூல்தேட்டம் என்ற நூல்விபரப் பட்டியலும் ஈழத்துத் தமிழ் ஆய்வாளர்களுக்கு இன்று கைவிளக்காக உள்ளன. அரசின் மானியமும் ஆளணியும் கொண்ட நிறுவனங்கள் செய்ய வேண்டியதைத் தனிமனிதரும் தொண்டர்களும் செய்து வருகின்றனர். அவர்களுடன் முறையான உடன்பாடுகளைச் செய்து பணியைப் பகிர்ந்துகொள்வதே பல்கலைக்கழகங்களுக்கு அழகாகும்.

இவ்விடயத்தில் முழுப் பொறுப்பையும் அரசின் மீது சுமத்திவிடவும் முடியாது. நூல் தெரிவுப் பட்டியலைத் தருமாறு நூலகம் கேட்கும்போது பதிலளிக்காத துறைகள் உண்டு. ஆண்டிறுதியில் அவசர அவசரமாக, விநியோகத்தரின் விலைப்பட்டியலைப் பார்த்து நூல்கள் வாங்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். இரவல் பெற்ற நூலை ஆண்டுக்கணக்கில் தமது அறையில் வைத்திருந்து சக விரிவுரையாளருக்கும் மாணவருக்கும் கிடைக்காமற் செய்வோரும் இல்லாமலில்லை. தமது கட்டுரையின் பிரதியைப் பல்கலைக்கழகத்தின் எண்ணிமக் களஞ்சியத்தில் சேர்ப்பதற்குப் பத்து நிமிடம் ஒதுக்காதவர், பிறருடைய கட்டுரைகள் கிடைப்பதில்லை என்று முறையிடுவதில் நியாயமில்லை. மறுபுறத்தில், நூலகரை மூதவையில் அறிக்கை வாசிப்பவராக மட்டும் வைத்திருக்கும் நிர்வாகங்களும், விசேட பயிற்சி பெற்ற உதவி நூலகர்களை அலுவலகப் படிவங்களை நிரப்பும் வேலையில் அமர்த்துவதைத் தவிர்க்க வேண்டும்.

தீர்வு என்ன? இந்தியாவில் இதற்கொரு முன்மாதிரி உண்டு. 'ஒரே நாடு, ஒரே சந்தா' என்ற திட்டத்திற்கு இந்திய மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் அங்கீகாரம் அளித்தது. 2025 முதல் 2027 வரையான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி இந்திய ரூபா இதற்கென ஒதுக்கப்பட்டு, 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 சஞ்சிகைகள் 6,300 வரையான அரச உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. தலைநகரின் புகழ்பெற்ற நிறுவனத்திற்குக் கிடைப்பதே தொலைதூர மாவட்டக் கல்லூரிக்கும் கிடைக்கும் என்பதுதான் இதன் சிறப்பு. அத்திட்டத்தின் பெருஞ்செலவு குறித்து அங்கும் விமர்சனங்கள் எழுந்துள்ளன. எனினும் நாடு முழுவதற்கும் ஒரே குரலில் பேரம் பேசுதல் என்ற அடிப்படை எமக்கும் பொருந்தும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் எமது நாட்டில் இருப்பவை 17 பல்கலைக்கழகங்களே. இவை தனித்தனியே பேசுவதைவிட, ஏற்கெனவே உள்ள பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டமைப்பு ஏற்பாட்டைப் பலப்படுத்தி, திறைசேரியின் நேரடி ஒதுக்கீட்டுடன் தேசிய உரிமம் பெறுவதே சிக்கனமானது. இதனால் அதிகம் நன்மையடையப் போவவை சிறிய, இளைய பல்கலைக்கழகங்களே.

பெருந்தொகைப் பணமின்றியே செய்யக்கூடியவையும் உள. எல்லாப் பல்கலைக்கழக நூலகங்களின் பட்டியலையும் ஒரே இடத்தில் தேடும் வசதியை ஏற்படுத்தினால், பேராதனையில் உள்ள நூலை ஒலுவிலில் இருக்கும் விரிவுரையாளர் இரவல் பெற வழி பிறக்கும். 2003 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் ஆய்வுத் தேவைக்காக நூலகங்கள் வரையறைக்குட்பட்டுப் பிரதி எடுப்பதற்கு இடமளிக்கின்றது. அதனைப் பயன்படுத்திக் கட்டுரைகளைத் தேடித்தரும் சேவையை விரிவாக்கலாம். ஒவ்வொரு பீடத்திற்கும் ஒரு தொடர்பு நூலகரை நியமித்து, புதிதாகப் பணியில் இணையும் விரிவுரையாளரை முதல் மாதத்திலேயே அவரிடம் அனுப்பலாம். அரச நிதியில் நடைபெறும் ஆய்வுகளின் வெளியீடுகளை எண்ணிமக் களஞ்சியத்தில் சேர்ப்பதைக் கட்டாயமாக்கலாம். தேசிய விஞ்ஞான மன்றம் பராமரிக்கும் இலங்கைச் சஞ்சிகைகளின் இணையத்தளத்தில் தமிழ்மொழி ஆய்விதழ்களும் உரிய இடத்தைப் பெற ஆவன செய்யலாம்.

2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் கல்விக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையுடன் மாதக்கணக்கில் பணிப்புறக்கணிப்பில் ஈடுபட்டது. அக்கோரிக்கை இன்றுவரை நிறைவேறவில்லை. அடுத்த தடவை ஆசிரியர் சங்கங்கள் அரசுடன் பேச அமரும்போது, சம்பளத்திற்கும் படிகளுக்கும் அடுத்ததாக நூலகத்தையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். அத்தகைய கோரிக்கைக்குப் பொதுமக்களின் ஆதரவும் இலகுவில் கிடைக்கும்.

1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு, சுமார் 97,000 நூல்கள் அழிந்ததை ஆண்டுதோறும் நாம் நினைவுகூருகின்றோம். நினைவுகூர வேண்டியதும் கடமையே. ஆனால், நூல்கள் எரிந்து போனால் மட்டுமே ஒரு சமூகம் அவற்றை இழக்கும் என்பதில்லை. வாங்கப்படாத நூலும் புதுப்பிக்கப்படாத சந்தாவும் அதே வெறுமையையே விட்டுச் செல்கின்றன. அந்த இழப்பைத் தடுக்கும் அதிகாரம் இன்று பேரவைகளிலும் மூதவைகளிலும் பீடச் சபைகளிலும் அமர்ந்திருப்போரின் கைகளில் உள்ளது. அடுத்த ஆண்டுக்கான நிதி மதிப்பீடுகள் தயாரிக்கப்படும் வேளையில் அவர்கள் நூலகத்திற்கான பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.